கதவைப் பார்த்த குழந்தைகள்

வலது காலின் பெருவிரலும் அடுத்த விரலும் செருப்பின் வாரைக் கவ்விப் பிடித்திருக்கும். குதிகால் மெல்ல எழும்பும். செருப்பின் அடிப்பாகம் தரையிலேயே கிடக்க, குதிகால் மட்டும் ஒரு விரற்கடை உயரத்தில் அப்படியே நிற்கும். பிறகு இறங்கும். இறங்கும்போது 'சப்' என்று ஒரு சத்தம், ஈரத்துணியைத் தரையில் வைத்தாற்போல. முழுதாக ஒரு நொடிகூட ஆகாது. தான் அப்படிச் செய்வது டீச்சரக்காவுக்குத் தெரியாது.

திரையில் ஒரு குழந்தை கதவைப் பார்க்கும்போது மட்டும்தான் அது நடக்கும்.

எங்கள் துறையில் அவரை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். பேராசிரியர்கள் கொஞ்சம் கிண்டலாக, அலுவலக ஊழியர்கள் மரியாதையாக. எங்களைப் போன்ற முதுகலை மாணவர்களுக்கு டீச்சரக்கா. மழலையர் பள்ளியில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தொரு வயதில் குழந்தை வளர்ச்சி உளவியலும் கல்வியியலும் சேர்ந்த ஆய்வுப் பட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். வகுப்பில் முதல் வரிசையில் உட்காருவார். குறிப்பேட்டில் தலைப்புகளுக்கு மட்டும் சிவப்பு மை. யாராவது தும்மினால் பேச்சை நிறுத்தாமலே கைக்குட்டையை நீட்டுவார். பதினான்கு வருடப் பழக்கம்.

அவருடைய ஆய்வு இதுதான். மூன்று வயதுக் குழந்தை ஒன்றை அம்மா வகுப்பறையில் விட்டுவிட்டுப் போகிறாள். உள்ளே ஓர் ஆசிரியை, ஒரு கூடை பொம்மை. இருபது நிமிடம் படம் பிடிக்கிறார்கள். அழுகிற குழந்தைகளைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். டீச்சரக்காவுக்கு அழாத குழந்தைகள்தான் வேண்டும். பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆசிரியை சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, நடுநடுவே யாருக்கும் தெரியாமல் கதவை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிற குழந்தைகள்.

"அந்த மாதிரிப் பிள்ளைங்களோட ரிப்போர்ட்ல நான் என்ன எழுதுவேன் தெரியுமா தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். "தொந்தரவு இல்லை. அவ்வளவுதான். பதினாலு வருஷமா அதையே எழுதினேன். அதுல பாதிப் பிள்ளைங்க அந்த வருஷம் முழுக்க வகுப்புல வாயே திறக்கல. அப்பகூட 'அமைதியான குழந்தை'ன்னு பாராட்டி எழுதியிருக்கேன்."

நாற்பத்தெட்டுக் குழந்தைகளைப் படம் பிடித்திருந்தார். திரையின் மூலையில் பத்து நொடிக்கு ஒருமுறை ஒரு சிவப்புப் புள்ளி மின்னும். மின்னியதும், அந்தப் பத்து நொடியில் குழந்தை எதை அதிகம் பார்த்தது என்று தாளில் குறிக்க வேண்டும்: கதவு, பொம்மை, ஆசிரியை, வேறு. ஒரு படத்துக்கு நூற்றிருபது குறிகள். ஒரே ஆள் குறித்தால் அவருக்கு வேண்டியதை அவர் பார்த்துவிடுவார் என்று, நான்கில் ஒரு பங்கை, அதாவது பன்னிரண்டு படங்களை, இரண்டாவது ஆள் ஒருவர் தனியாகக் குறிக்க வேண்டும். இருவர் குறிகளும் எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்பதை வைத்துத்தான் ஆய்வை நம்பலாமா என்று முடிவாகும். நூற்றுக்கு எழுபது வந்தால் போதும் என்பது துறை வழக்கம்.

இரண்டாவது ஆள் நான். நெறியாளர் மேடம்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார். "இவன் பேசவே மாட்டான். பாத்துக்கிட்டே இருப்பான். இந்த வேலைக்குன்னே பொறந்தவன்" என்றார்.

படங்களை அந்த அறையை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது, இன்னொரு கணினியில் ஏற்றவும் கூடாது என்று தாய்மார்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதனால் ஒரே கணினி, ஒரே படம் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு திரை, நடுவில் ஒரு ஒட்டுப்பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் டீச்சரக்கா, இந்தப் பக்கம் நான். அழுகையோ பேச்சோ எங்கள் முடிவை மாற்றிவிடக் கூடாதென்று ஒலியை அடைத்துவிடுவோம். மின்விசிறிச் சத்தமும் பென்சில் உரசும் சத்தமும்தான்.

தடுப்புப் பலகை தரைவரை வரவில்லை. முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது.

எனக்கு யாரையும் முகத்துக்கு நேரே பார்க்க வராது. சிறு வயதிலிருந்தே தரையைப் பார்த்துத்தான் பழக்கம். யாருடைய செருப்பு எப்படித் தேய்ந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும், முகம் பிறகுதான் நினைவுக்கு வரும். முதல் படத்திலேயே அந்தக் குதிகாலைக் கவனித்துவிட்டேன். மூன்றாவது படத்தில் அதன் பொருள் புரிந்துவிட்டது. பதினான்கு வருடமாக ஒரு குழந்தை கதவைப் பார்த்தால் எழுந்து அதன் பக்கம் போன கால் அது. ஆள் உட்கார்ந்திருந்தாலும் கால் மட்டும் கிளம்பிக்கொண்டிருந்தது.

எல்லாக் குறியையும் பார்த்தா போட்டேன் என்றால், இல்லை. குழந்தை பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி ஆராய்ந்துகொண்டிருந்தால் அதில் என்ன சந்தேகம் வரப்போகிறது? ஆனால் ஒரு படத்தில் நாற்பது ஐம்பது இடம் வரும். முகம் பொம்மை பக்கம் இருக்கும், கண் எங்கே இருக்கிறதென்று தெரியாது. பென்சில் அந்தரத்தில் நிற்கும். அப்போது தரையிலிருந்து 'சப்' கேட்கும். என் கை 'கதவு' கட்டத்துக்குப் போய்விடும். கேட்காவிட்டால் 'பொம்மை'.

முதல் ஐந்து படங்களின் ஒப்புமை தொண்ணூற்று மூன்று வந்தது.

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஜோடிக் கண்ணா?" என்று மேடம் சிரித்தார். "எங்க காலத்துல எழுபத்தஞ்சு வந்தாலே கூத்தாடுவோம்."

டீச்சரக்கா என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குறித்த தாள்களைச் சரிபார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். நான்காவது மாடி. மூச்சு வாங்க ஏறிப் போனால், கதவைத் திறந்தவர் அவர் கணவர். மின்தூக்கி பழுது பார்க்கிறவர்.

"லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. இதையும் எழுதிக்கோங்க தம்பி, உங்க ஆராய்ச்சிக்கு ஆகும்" என்றார். "நானும் இருபது வருஷமா மேலயும் கீழயும் போயிட்டு வரேன். எனக்கு எவனும் பட்டம் குடுக்க மாட்டேங்குறான்."

"குடுத்தா மாட்ட இடம் வேணாமா?" என்றார் டீச்சரக்கா உள்ளிருந்து. ஒரே அறைதான் கூடம், படிப்பறை எல்லாம். ஒரே மேசையில் ஒரு பக்கம் அவருடைய தாள்கள், மறுபக்கம் பிளஸ் டூ படிக்கும் மகளின் புத்தகங்கள். நடுவில் ஒட்டுநாடா ஒட்டி எல்லை பிரித்திருந்தார்கள்.

மகள் என்னிடம் முறையிட்டாள். "அண்ணா, இவங்க என்னையும் குறிக்கிறாங்கண்ணா. நான் சும்மா கதவுப் பக்கம் திரும்பினாப் போதும், 'எங்கடி கிளம்பிட்ட'ன்னு கேக்குறாங்க."

"கிளம்பத்தானே பாத்த?"

"ஆமா. அது வேற விஷயம்."

அன்றுதான் எனக்கு முழு விவரமும் தெரிந்தது. அவர் விடுப்பு எடுத்துவிட்டு வந்திருந்த பள்ளியை ஒரு புதிய நிர்வாகம் எடுத்துக்கொண்டிருந்தது. அடுத்த கல்வியாண்டிலிருந்து மேற்பட்டம் உள்ளவர்கள்தான் வகுப்பு எடுக்கலாம், மற்றவர்கள் உதவியாளர். உதவியாளர் என்றால் குழந்தையின் ஈர உடையை மாற்றுவது, மூக்கைத் துடைப்பது, பாயை விரிப்பது. டீச்சரக்கா கையைப் பிடித்துத் தொழில் கற்றுக் கொடுத்த ஒரு பெண்ணுக்கு ஏற்கெனவே பட்டம் இருந்தது.

"அவ நல்ல பொண்ணுதான்" என்றார் டீச்சரக்கா. "ஆனா அவ வகுப்புல நான் பாய் விரிச்சா, ரெண்டு பேருக்குமே கை நடுங்கும்."

"ஆய்வேடு குடுக்க மூணு தடவை நீட்டிப்பு வாங்கியாச்சு" என்று கணவர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "இதுதான் கடைசி. அவ சொல்ல மாட்டா. நீங்க கொஞ்சம் கூட நில்லுங்க தம்பி."

நின்றேன். எப்படி நின்றேன் என்பதுதான் கதை.

மழைக்காலத்தில் ஒருநாள் டீச்சரக்காவின் செருப்பு வார் படியிலேயே அறுந்துபோயிற்று. மறுநாள் மகளின் பள்ளிக்கூடக் கான்வாஸ் காலணியைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு எண் சிறியது. கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தார். அன்று இரண்டு படங்கள் குறித்தோம். பலகைக்குக் கீழே அசைவே இல்லை, சத்தமும் இல்லை. சந்தேகமான இடம் ஒவ்வொன்றிலும் பென்சிலை வைத்துக்கொண்டு விழித்தேன். திரையைப் பார்ப்பதற்குப் பதில் அந்தக் காலணியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் சில இடங்களை முழுதாகத் தவறவிட்டேன்.

ஒப்புமை அறுபத்தொன்று.

அந்த எண்ணைப் பார்த்தபோதுதான், அதுவரை என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை என்னிடமே மறைக்க முடியாமல் போயிற்று. மேடம் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்னாச்சு உனக்கு?"

"தலைவலி மேடம்."

"தலைவலியோட செஞ்சத கணக்குல எடுக்க வேணாம். அடுத்த வாரம் அந்த ரெண்டையும் திரும்பச் செய்ங்க."

அடுத்த வாரம் புதுச் செருப்பு வந்துவிட்டது. தொண்ணூற்றிரண்டு. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் பன்னிரண்டும் போகும், புது ஆள் தேட வேண்டும், கடைசி நீட்டிப்பும் கரைந்துவிடும். இப்படி அவருக்காக யோசிப்பதுபோல் எனக்காக யோசித்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஆனால் டீச்சரக்காவுக்கு உண்டு. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவர் ஒரு குறிப்பு எழுதினார்: இரண்டாம் குறிப்பாளரின் உடல்நலக் குறைவால் இரண்டு படங்கள் மீண்டும் குறிக்கப்பட்டன, முதல் ஒப்புமை அறுபத்தொன்று.

"இதெல்லாம் எதுக்கு எழுதுற?" என்றார் மேடம்.

"நடந்துச்சே மேடம்."

"நடந்ததையெல்லாம் எழுதினா அது ஆய்வேடா, டைரியா?"

டீச்சரக்கா அதை எடுக்கவில்லை.

வாய்மொழித் தேர்வு காலை பதினோரு மணிக்கு. வெளித்தேர்வாளர் மெலிந்த, மென்மையாகப் பேசுகிற மனிதர். ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்திருந்தார். முக்கால் மணி நேரம் நன்றாகவே போயிற்று. 'அமைதியான குழந்தை' பகுதியைப் படித்துவிட்டுத் தன் பேத்தியின் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்ததாகக்கூடச் சொன்னார். டீச்சரக்காவின் முகம் மலர்ந்தது. கடைசி வரிசையில் இருந்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதற்குப் பிறகு அவர் பின்னிணைப்பைத் திருப்பினார்.

"மத்த பத்துப் படத்துல தொண்ணூத்திமூணு. இந்த ரெண்டுல மட்டும் அறுபத்தொண்ணு. பொம்மை, ஆசிரியை, வேறு, இந்த மூணுலயும் பெரிசா ஒண்ணும் குறையல. 'கதவு'ல மட்டும்தான் விழுந்திருக்கு." ஒரு வாய் வெந்நீர் குடித்தார். "அது என்னம்மா, கதவுக்கு மட்டும் வர்ற தலைவலி?"

சிலர் சிரித்தார்கள். டீச்சரக்கா சிரிக்கவில்லை. அவருக்கும் அது புதிதாக இருந்தது. "தெரியல சார்" என்றார். "நீங்க சொல்லித்தான் பாக்கிறேன்."

"எங்க உக்காந்து செஞ்சீங்க?"

எல்லோரும் அந்த அறைக்குப் போனோம். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், குனிந்தார். "இது ஏன் தரைவரைக்கும் வரல?"

"கூட்டிப் பெருக்கணுமே சார்" என்றார் மேடம்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். இந்தப் பன்னிரண்டு படத்தையும் இதே அறையில், டீச்சர் இல்லாத நேரத்தில், சம்பந்தமே இல்லாத புது ஆள் ஒருவர் குறிக்க வேண்டும், ஆறு வாரம், எழுபதைத் தாண்டாவிட்டால் 'கதவு' பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதவை எடுத்துவிட்டால் அந்த ஆய்வேட்டில் மிச்சமிருப்பது முன்னுரையும் நன்றியுரையும்தான்.

மாடிப்படியில் வைத்து அவரிடம் சொன்னேன். வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார். முடித்ததும் குனிந்து தன் காலையே பார்த்தார், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

"என் காலைப் பாத்தா மார்க் போட்ட?"

"எல்லாத்தையும் இல்லக்கா. சந்தேகமா இருந்த இடத்துல மட்டும்."

"சந்தேகமா இருக்கிற இடம்தானே தம்பி என் ஆராய்ச்சியே." சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் அது வேறு ஏதோவாகிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை நாளாத் தெரியும்?"

"மழை பெஞ்ச அன்னையிலருந்து."

"நாலு மாசம்." விரலில் எண்ணிப் பார்த்தார். "நாலு மாசத்துல நானே இன்னொரு ஆளைத் தேடியிருப்பேனேடா. பலகைக்குக் கீழே ஒரு பாயைத் தொங்கவிட்டிருந்தாப் போதுமே."

நான் மேடத்திடம் போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னேன். "சொல்லி? புது ஆள் குறிக்கப்போறது குறிக்கப்போறதுதான். உன் படிப்பும் சேந்து போகும். ஒரு வருஷத்துக்கு ஒரு இழவு போதும். வாயை மூடிக்கிட்டுப் போ. அதுதான் உனக்கு நல்லா வருதே."

அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. திட்டவும் இல்லை.

புது ஆளை மேடமே ஏற்பாடு செய்தார். புள்ளியியல் துறையில் ஆய்வு செய்பவர், சுறுசுறுப்பானவர். குறிக்கும் முறையை அவருக்கு டீச்சரக்கா ஒரு முழு நாள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். எதைக் 'கதவு' என்று கொள்ள வேண்டும், எதைக் கொள்ளக் கூடாது, கண்ணிமை எப்படி இருக்கும், கழுத்து திரும்பாமல் பார்க்கிற குழந்தை எப்படிப் பார்க்கும் என்று பதினோரு பக்கம். ஐந்தாவது வாரம் முடிவு வந்தது. மொத்தத்தில் அறுபத்து நான்கு. கதவுக்கு மட்டும் பார்த்தால் முப்பத்தெட்டு.

துறைக் குழு கூடியது. அத்தியாயம் நீக்கப்பட்டது, மீதியுள்ளது பட்டத்துக்குப் போதாது, பாடங்களை முடித்ததற்கான சான்றிதழ் மட்டும் வழங்கலாம் என்று தீர்மானம். டீச்சரக்கா எதிர்த்து ஒன்றும் பேசவில்லை என்று மேடம் சொன்னார். "எண்ணு பொய் சொல்லுமான்னு நானே வகுப்புல கேட்டிருக்கேன் மேடம்" என்றாராம். அவ்வளவு வருடமாகப் பார்த்த கண்ணைவிட ஐந்து வாரத்து எண்ணை அவர் நம்பினார். தான் பார்த்தது குழந்தைகள் கண்ணில் இல்லை, தன் மனசில் இருந்தது என்று முடிவுகட்டிவிட்டார். அவர் கணவர் ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்தபோது சொன்னது இது. கூட நின்றதற்கு நன்றி என்றும் சொன்னார். நான் செய்தது அவருக்குத் தெரியாது.

கல்வியாண்டு தொடங்கி இரண்டு மாதம் கழித்து அந்தப் பள்ளி வழியாகப் போனேன். தற்செயலாகப் போகவில்லை. குழந்தைகள் வீட்டுக்குப் போகும் நேரம். உதவியாளர்களின் நீல மேலங்கியில் டீச்சரக்கா வாசலில் நின்று, வருகிற அம்மாக்களுக்குப் பைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பையன் எல்லோரும் போன பிறகும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு மரக் கார். அழவில்லை.

வகுப்பாசிரியை, டீச்சரக்காவிடம் தொழில் கற்ற அந்தப் பெண்தான், வெளியே வந்து, "இவன் தங்கம்க்கா, ஒரு தொந்தரவும் கிடையாது" என்றாள்.

டீச்சரக்கா அவனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டுப் பாய்களைச் சுருட்ட உள்ளே போனார். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

அடுத்த வருடம் படங்கள் இருக்கும் அந்த அறையை மேற்பார்வையிடும் வேலையை மேடம் எனக்குக் கொடுத்தார். அறைக்கு ஒரே சாவி. எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட ஒரு பதிவேடு உண்டு. பழைய பதிவேட்டை அலமாரிக்கு அனுப்புமுன் புரட்டிப் பார்த்தேன். ஒரு படம் இருபது நிமிடம். பன்னிரண்டு படங்களையும் நிறுத்தாமல் பார்த்தாலே நான்கு மணி நேரம் ஆகும். புள்ளியியல் துறைக்காரர் சாவியை எடுத்தது ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு பத்துக்கு. திருப்பிக் கொடுத்தது மூன்று இருபத்தைந்துக்கு. அந்த ஐந்து வாரத்துப் பக்கங்களையும் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். அவருடைய கையெழுத்து வேறெங்கும் இல்லை.